காண்டா அழுத்தும் இடம்

தைப்பிங்
4 மார்ச் 2024

அன்புள்ள அண்ணி காளியம்மாவுக்கு, நாத்தனார் புஷ்பலதா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே மழையும் நாங்களும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் மகன் கனகராஜும் மருமகள் தினேஸ்வரியும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன்.

கடைசியாக உங்களுக்கு நான் அனுப்பியது என் மகன் கார்த்திகேசுவின் கல்யாணப் பத்திரிகை. உறை பிரிக்காமலே திரும்பி வந்தது. இதையும் அப்படிச் செய்துவிடாதீர்கள். ஃபோன் பண்ணியிருப்பேன். ஆனால் அண்ணன் காரியத்தன்று தோட்டத்துக் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, இனி என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்தீர்கள். அதை உடைக்க வைத்த பாவம் எனக்கு வேண்டாம். எழுதக்கூடாது என்று சத்தியத்தில் இல்லை.

ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் தினேஸ்வரியைப் பார்த்தேன். உங்களுக்குத் தோள் வலி என்றாள். தோளில் எந்த இடம் என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. மேலேயா, பக்கவாட்டிலா, முன்பக்கமா, முதுகிலா? எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அண்ணனுக்கு வலி இருந்த அந்தப் பதினைந்து நாளில், அவர் கை தானாக எங்கே போனது? உங்களிடம் எந்த இடத்தைக் காட்டினார்?

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
புஷ்பலதா


செமோர்
19 மார்ச் 2024

புஷ்பலதாவுக்குக் காளியம்மா எழுதுவது.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளத்தானே கடிதம்? தெரிந்துகொள்.

உறையைப் பிரிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் மேசை மேல் கிடந்தது. என்ன எழுதியிருப்பாய் என்று பார்க்கப் பிரித்தேன், வேறு எதற்கும் இல்லை.

எனக்குத் தோள் வலித்தால் உனக்கு என்ன? 1974-ல் என் முட்டைக்கோழி காணாமல் போனபோது உன் வீட்டுக் கொல்லையில் இறகு கிடந்தது. அன்றைக்குக்கூட நீ இவ்வளவு அன்பாகப் பேசவில்லை. கல்யாண வீட்டில் என் மருமகளை ஓரமாக இழுத்துப்போய் என் உடம்பைப் பற்றி விசாரித்திருக்கிறாய். அவளை நான் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

என் புருஷன் எந்த இடத்தைக் காட்டினார் என்று முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கேட்கிறாய். தேய்த்தது உன் கை. இடம் உன் கைக்குத் தெரியாதா? 1989, ஜூன் பதினாலு, புதன்கிழமை. நீ தோட்ட ஆஸ்பத்திரி ஆயா, வெள்ளைக் கவுன், காலில் வெள்ளைச் சப்பாத்து. இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பு அவருடைய இடது தோளில்தான் உட்காரும். அந்த இடத்தில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டே, "இது காண்டா வலிண்ணே, ரெண்டு நாளு தேய்ச்சா ஓடிப்போயிடும் லா" என்று சிரித்தாய். ஓடிப்போனது வலி இல்லை. இருபத்துமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, மேட்டில் பால் சுமந்து ஏறும்போது வாளியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போனார்.

உனக்கு என்ன வேண்டும் என்று நேராக எழுது.

காளியம்மா


தைப்பிங்
25 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் போட்டீர்களே, அதுவே போதும். திட்டுகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இருப்பது தெரிந்து நிம்மதி.

நேராகவே எழுதுகிறேன். கார்த்திகேசுவுக்கு இடது தோள் வலிக்கிறது. மூன்று மாதமாக. வயது நாற்பத்தேழு. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். கேட்டால் தோள்பட்டை மேலே விரலை வைத்து, "ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சு வந்ததும்மா" என்கிறான்.

இழுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் இருதயத்தால் இறந்தார்களா என்று கேட்டது. என் அண்ணன் சதாசிவம் நாற்பத்தாறு வயதில் வேலைக்காட்டில் இறந்தார், எதனால் என்று யாரும் பார்க்கவில்லை, தோட்டத்துப் புத்தகத்தில் 'திடீர் மரணம்' என்று எழுதினார்கள் என்றேன். அவருக்கு முன்னால் வலி ஏதும் இருந்ததா, எந்த இடத்தில் என்று கேட்டது. தோள் மேலே என்றுதான் எனக்குக் காட்டினார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

தலைசீவ முடியாமல் கஷ்டப்படுகிறீர்கள் என்று தினேஸ்வரி சொன்னாள். அவளைத் திட்டாதீர்கள், நான்தான் கேட்டேன்.

புஷ்பலதா


செமோர்
30 ஏப்ரல் 2024

புஷ்பலதாவுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. அங்கேயும் இருக்க வேண்டாம்.

ஒரு மாதம் யோசித்தேன். உன் எண்ணம் எனக்குப் புரிகிறது. நான் ஓர் இடத்தை எழுத்தில் எழுதித் தருவேன். நீ அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டி, "பாருங்க, என் மேல தப்பில்ல" என்பாய். மூணாங்கிளாஸ் படித்தவள்தானே, ஏமாந்து எழுதிவிடுவாள் என்று நினைத்துவிட்டாய். அதற்கு மகனைக் காரணம் காட்டுகிறாய்.

தினேஸ்வரியை விசாரித்தேன். "ஐயோ அத்தே, அவங்க உங்கள பத்தி நல்லாத்தான் கேட்டாங்க. கண்ணுல தண்ணி வந்திருச்சு அவங்களுக்கு" என்றாள். எவ்வளவு நேரம் பேசினாய், கண்ணீர் விட்டுக் காட்டுகிற அளவுக்கு?

கார்த்திகேசு தோள் மேலே என்றால் மேலேதான் இருக்கும். நாற்பத்தேழு வயது ஆம்பளைக்குத் தன் உடம்பு தெரியாதா? லாரிக்காரனுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? வீட்டில் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

என் வலி வலது பக்கம், தோளுக்கு வெளிப்புறம். கையைத் தூக்கினால் கொண்டை வரைக்கும் போகாது. பின்னால் ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாது. அந்தப் பக்கம் படுக்கவும் முடியாது. நீ கேட்டதால் எழுதவில்லை. தவறாக எதையாவது ஊரில் சொல்லிவிடுவாய் என்று எழுதுகிறேன்.

காளியம்மா


தைப்பிங்
6 மே 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மழை விடவே இல்லை. துணி காயாததைத் தவிர வேறு நோய் இல்லை என்று எழுத ஆசை.

கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். மனித உடம்பின் படம், தோளைச் சுற்றி வட்டம் வட்டமாக. நீங்கள் எழுதிய வெளிப்புறத்து வலி, கை தூக்க முடியாதது, அந்தப் பக்கம் படுக்க முடியாதது, இதெல்லாம் தோள்மூட்டைச் சுற்றி இருக்கும் தசைநாரில் வருவதாம். சில பேருக்கு மூட்டே இறுகிவிடுமாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. பயிற்சி இருக்கிறது, சுவரில் விரலால் நடந்து கையை ஏற்ற வேண்டும், மெதுவாக. ஒருமுறை டாக்டரிடமும் காட்டுங்கள்.

கழுத்திலிருந்து இறங்கி விரல் மரத்துப்போனால் அது கழுத்து நரம்பு. எண்ணெய்ப் பலகாரம் தின்ற பிறகு வலது தோள் நுனியில் குத்தினால் பித்தப்பையாகவும் இருக்கலாம். தோளில் வலிப்பதெல்லாம் தோளில் பிறந்ததில்லை என்று அந்த டாக்டர் பெண் சொன்னது. முன்பக்கம் இடது தோளிலிருந்து உள்கை வழியாகவோ தாடைக்கோ ஓடி, மேடு ஏறும்போது வந்து, நின்றால் அடங்குகிற வலிக்கு அந்தத் தாளில் சிவப்பு மை. இருதயமாக இருக்கலாம், உடனே வரவும் என்று போட்டிருக்கிறது.

கார்த்திகேசு விரலை வைத்துக் காட்டுவது தோள் மேலே. ஆனால் நாங்கள் இருப்பது நாலாம் மாடி, லிப்ட் அடிக்கடி நிற்கும். படி ஏறும்போது நான் பின்னால் இருந்து பார்த்தேன். விரல் இல்லை, முழு உள்ளங்கை. நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறான். மறைக்கிறான் அண்ணி. ஆகஸ்டில் லாரி லைசன்ஸ் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். நெஞ்சு என்று சொன்னால் லைசன்ஸ் போய்விடும் என்ற பயம்.

அண்ணன் எப்படிக் கை வைத்தார்? அது மட்டும் போதும்.

புஷ்பலதா


செமோர்
12 ஜூன் 2024

புஷ்பலதாவுக்கு,

எல்லாரும் சுகம்.

நீ கேட்டது எனக்கு நினைவில்லை. வயதாகிவிட்டது.

சுவரில் விரலால் நடந்து பார்த்தேன். ஒரு சாண் ஏறுகிறது.

காளியம்மா


தைப்பிங்
17 ஜூன் 2024

அண்ணிக்கு,

கோழி இறகு நினைவிருக்கிறது. என் சப்பாத்தின் நிறம் நினைவிருக்கிறது. நான் சொன்ன வார்த்தை, அதைச் சொன்ன கிழமை நினைவிருக்கிறது. இது மட்டும் நினைவில்லையா?

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் எதையோ ஒளிக்கிறீர்கள்.

டாக்டர் பெண் அவனுக்கு ஈப்போவில் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தது. போகவில்லை. "நம்ம குடும்பத்துல யாருக்கும்மா நெஞ்சு வலி? மாமா நீ தேய்ச்சதுலதானே செத்தாரு, ஊரே சொல்லுது" என்றான் என்னிடமே. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நீங்கள் முப்பத்தைந்து வருஷமாக ஊரெல்லாம் சொன்னது இப்போது அவனுக்கு நல்ல சாக்காகிவிட்டது.

நேற்று அவன் மனைவி அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் காதால் கேட்டேன். "லைசன்ஸ் டாக்டர் கேட்டா நெஞ்சுன்னு வாயத் தொறக்காதீங்க. தோள்னு சொல்லுங்க. மேல காட்டுங்க." அவளைக் குறை சொல்ல முடியவில்லை. இரண்டு பிள்ளை படிக்கிறது.

நேற்று மூன்றாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

புஷ்பலதா


செமோர்
20 ஜூன் 2024

புஷ்பலதா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நலம் விசாரிக்க நேரமில்லை. இதை விரைவுத் தபாலில் போட நானே நடந்து போகிறேன். கனகராஜிடம் ஃபோனைக் கொடுத்துச் சொல்லச் சொல்லலாம். அவன் காதில் இது விழக்கூடாது.

எல்லாம் நினைவிருக்கிறது. ஒரு நாள்கூட மறந்ததில்லை.

ஜூன் எட்டு, வியாழக்கிழமை. வேலைக்காட்டிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். முழு உள்ளங்கையை வைத்தார். நீ எழுதியிருக்கிறாயே, நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில், அதே இடம். "மாருல கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்கு புள்ள. மேட்டுல ஏறும்போது தாடை வரைக்கும் இழுக்குது. நின்னா போயிடுது" என்றார்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு அடுத்த மாதம், நம் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டு தர்மாவுக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸரிடம் போய் நெஞ்சு வலி என்றான். வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதினார்கள். ஒரே மாதத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அவன் பெண்டாட்டி சட்டியையும் பிள்ளையையும் லாரியில் ஏற்றியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு என்றால் வீடு போகும். காண்டா வலி என்றால் மூன்று நாள் லேசான வேலைக்குச் சீட்டு கிடைக்கும். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வயிற்று வலிக்குக்கூடத் தோளைக் காட்டியவர்கள் இருந்தார்கள்.

கனகராஜுக்கு அந்த வருஷக் கடைசியில் பரீட்சை. அது முடியட்டும், பிறகு ஈப்போவுக்குக் கூட்டிப்போகலாம் என்று கணக்குப் போட்டேன். அவரிடம் சொன்னேன்: "மாருன்னு வாயத் தொறக்காத. தோள்னு சொல்லு. காண்டா அழுத்துற எடத்தக் காட்டு."

அவருக்குப் பொய் சொல்ல வராது. புதன்கிழமை உன் முன்னால் வந்து பேசாமல் நின்றார். "எங்கண்ணே?" என்று நீ கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் என் விரலை அவர் தோள் மேல் வைத்து, "இங்கதான் வலிக்குதாம்" என்றேன். உனக்கு அந்த இடத்தைக் காட்டியது அவர் இல்லை. என் விரல்.

நீ என்னை நம்பித் தேய்த்தாய்.

இதைக் கார்த்திகேசுவிடம் சத்தம் போட்டுப் படித்துக் காட்டு. அவன் மாமா தேய்த்ததால் சாகவில்லை. வலித்த இடத்தைச் சொல்லவிடாமல் செய்ததால் செத்தார். அவன் பெண்டாட்டியையும் பக்கத்தில் உட்கார வை.

காளியம்மா


தைப்பிங்
29 ஜூலை 2024

அண்ணிக்கு,

ஐந்து வாரம் எழுதவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. மீதி இரண்டு வாரம் எழுத மனமில்லை.

படித்துக் காட்டினேன். அவன் என் கையிலிருந்து தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தான். பிறகு, "ம்மா, மேல இல்லம்மா. இங்க" என்று உள்ளங்கையை வைத்தான். அன்று சாயங்காலமே கூட்டிப்போனோம். இருதயத்துக்குப் போகும் இரண்டு குழாயில் அடைப்பு. ஒன்று முக்கால்வாசி. கம்பிவலை வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். லாரிக்கு இப்போதைக்குப் போக முடியாது. முதலாளி கல் குவாரி கேட்டில் உட்காரும் வேலை கொடுத்திருக்கிறார். உயிரோடு உட்கார்ந்திருக்கிறான். அதற்கு உங்களுக்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

இனி என்னுடையது.

அண்ணன் போன அந்த வருஷமே ஆஸ்பத்திரி வேலையை விட்டேன். என் கை ஆகாது என்று நானே நம்பிவிட்டேன். கார்த்திகேசு பள்ளிப் பிள்ளையாகக் காலைச் சுளுக்கிக்கொண்டு அழுதபோது எண்ணெய் தேய்க்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். கனகராஜ் என்னைப் பார்த்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவான். அத்தை என்று ஓடி வந்த பிள்ளை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை தேடினேன். இல்லை.

கனகராஜுக்கு ஐம்பது வயது. அப்பாவின் ரத்தம்தான் அவன் உடம்பிலும் ஓடுகிறது. அவனும் பரிசோதனைக்குப் போக வேண்டும். காரணத்தை நீங்களே அவனிடம் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

அதற்கு மேல் எனக்கு எழுத வேண்டாம்.

புஷ்பலதா


செமோர்
26 ஆகஸ்ட் 2024

புஷ்பலதாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். பேசக்கூடாது என்று சொன்ன எனக்கு எழுதியவள்தானே நீ.

கார்த்திகேசு எப்படி இருக்கிறான்? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறானா? நீ பதில் போடாவிட்டாலும் தினேஸ்வரி சொல்லுவாள். அவளுக்கு நீ மெசேஜ் அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் வந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறாள். என்னைப் பற்றி எதுவரை சொல்லியிருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்க்கிறாளா, பார்க்காமல் இருக்கிறாளா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

கனகராஜிடம் காரணம் சொல்லாமல் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். "எதுக்கும்மா? நெஞ்சு வலி நம்ம வம்சத்துலயே கெடையாதே" என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டான். என்ன சொல்ல? அந்தப் பதிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

எனக்கும் வீடு இருந்தது, பிள்ளை இருந்தது, பயம் இருந்தது. அதை நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

பதில் போடு.

காளியம்மா


செமோர்
7 அக்டோபர் 2024

புஷ்பலதாவுக்கு,

நீ பதில் போடவில்லை. நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். போன மாதம் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்ட பிறகு. கனகராஜ் வாசலில் பூட்டு சரிசெய்துகொண்டிருந்தான். வாசற்படியிலிருந்து ஆரம்பித்து விரல் வைத்தது வரை சொன்னேன். முடித்ததும், "எனக்குப் பதினஞ்சு வயசும்மா. அத்த வீட்டு வாசல்ல நின்னு கல்லெறிஞ்சேன். நீ பாத்துக்கிட்டுதானே நின்ன?" என்றான். ஆமாம், நின்றேன். அந்தக் கல் உன் வீட்டுக் கண்ணாடியில் பட்டது. அதை நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

மறுநாள் பரிசோதனைக்குப் போனான். ரத்தத்தில் கொழுப்பு அதிகம், குழாய் இன்னும் அடைபடவில்லை என்றார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார்கள்.

அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. "சாப்ட்டியா", "மருந்து போட்டியா" என்று தினேஸ்வரி வழியாகக் கேட்கிறான். மூன்று நாள் முன்பு முன்னறையில் உனக்கு ஃபோன் பண்ணினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். "அத்தே, நான் கனகு பேசுறேன்" என்று சொன்னான். நீ அந்தப் பக்கம் என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவன் "சாப்பிட்டேன் அத்தே, சாப்பிட்டேன்" என்று அழுதுகொண்டே சிரித்தான்.

மன்னித்துக்கொள். இந்த வார்த்தையை எழுத முழுசாக ஒரு காலைப்பொழுது ஆயிற்று. சத்தியத்தை எடுத்துவிடக் கோயிலில் பூசாரியிடமும் கேட்டேன். இன்னொரு கற்பூரம் ஏற்றினால் போதும் என்றார். ஏற்றிவிட்டேன். வாயால் சொல்ல வேண்டியதை நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தேன்.

இந்தச் சனிக்கிழமை கனகராஜ் உன்னைப் பார்க்கத் தைப்பிங்குக்கு வருகிறான். தினேஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேற்று அவன் செருப்பு மாட்டும்போது, "நானும் வரட்டுமாடா?" என்று கேட்டேன். மூன்று வாரத்தில் முதல்தடவையாக என்னிடம் வாய் திறந்தான்.

"கார்ல எடமில்லம்மா."

ஐந்து பேர் உட்காரும் கார். போவது அவர்கள் இரண்டு பேர்.

காளியம்மா